மொட்டு கருகுவதற்குள்

“நாளைக்குக் காலைல கண்டிப்பா வந்துடறேங்க்கா” என்று மெக்கானிக் பிராங்ளின் போனில் சொல்லி முடிப்பதற்குள், கோகிலவாணி ஸ்வெட்டரின் கைகளை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தாள்.

“நாளைக்கு வந்து யாருக்குப் பால் ஊத்தப் போறே? இந்த மோட்டார்தான் நல்லதுன்னு வாங்க வெச்சது நீ. இன்னிக்கு இறக்கித் தர்றேன்னு சொன்னதும் நீ.”

“மேட்டுப்பாளையத்துல மச்சானுக்குக் கல்யாணம்க்கா. திடீர்னு முடிவாயிடுச்சு. இப்ப பந்தியில உக்காந்திருக்கேன்.”

“திடீர்னு கல்யாணமா? பொண்ணு ஓடி வந்துடுச்சா?”

“ஐயோ, மெதுவாப் பேசுங்க, ஸ்பீக்கர்ல இருக்கு… ஆமாங்க்கா.”

“நல்லாச் சாப்பிடு. மோட்டாரை நானே இறக்கிக்கிறேன்.”

“அக்கா! வேண்டாம்க்கா. கேபிளைப் பிடிச்சு இறக்கிடாதீங்க, கயித்துல…”

அவள் போனை அணைத்தாள். கயிற்றில்தான் இறக்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். அதற்கு மேல் தெரியாது. தெரியாததை உட்கார்ந்து யோசிக்க இன்றைக்கு நேரம் இல்லை.

கட்டபெட்டுக்குக் கீழே, தேயிலைச் சரிவின் விளிம்பில் அவர்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் சாக்குச் சுவர் வைத்த ஒரு கொட்டகை. அதற்குள் உத்தரத்திலிருந்து வரிசை வரிசையாகத் தொங்கிய பைகளில், துளைக்குத் துளை, சிப்பிக்காளான் மொட்டு விட்டிருந்தது. சுண்டுவிரல் நகம்கூட இல்லாத சாம்பல் மொட்டுகள். அந்தப் பருவத்துக் காளானுக்குக் காற்றில் ஈரம் வேண்டும். ஒரு பகல் ஈரம் தவறினால் ஓரம் பழுத்து, சுருங்கி, கருகிவிடும். அப்புறம் குடம் குடமாக ஊற்றினாலும் எழுந்திருக்காது.

முதல் முறை பச்சைப் பூசணம் பிடித்துப் போனது. இரண்டாம் முறை எலி. இது மூன்றாம் முறை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் கணவன் ரவிக்குமார், “இதுவும் போச்சுன்னா பிடிவாதம் பண்ணாம மூட்டையைக் கட்டிட்டு இங்க வந்துடணும், சரியா?” என்று கேட்டதற்கு அவளே தலையாட்டியிருந்தாள். ஒற்றை ரூமுக்குச் சொல்லியும் வைத்துவிட்டான். அந்த ரூமை அவள் போட்டோவில் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல்.

கொட்டகைக்குத் தண்ணீர் மேலே சோலையின் ஊற்றிலிருந்து கருப்புக் குழாயில் வந்துகொண்டிருந்தது. முந்தாநாள் காட்டெருமைக் கூட்டம் ஒன்று அந்தக் குழாயின் மேல் நடந்துபோய், அதைத் துண்டு துண்டாக்கி மண்ணில் மிதித்துவிட்டது. அன்றிலிருந்து, சரிவின் அடியில் இருக்கும் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்தாள். ஒரு குடம் மேலே வந்து சேர்வதற்குள் முந்தின குடம் நனைத்த சாக்கு காய்ந்து விறைத்துக்கொண்டது. பனிக்கால வெயில் அப்படி. மேலுக்குக் குளிரும், உள்ளுக்குள் உறிஞ்சும்.

ஆக, மோட்டார் இன்றைக்கே கிணற்றுக்குள் இறங்க வேண்டும்.

ஆள் பிடிப்பது பெரிய பாடாக இல்லை. மாமனார் வீரையா வீட்டிலேயே இருந்தார். பக்கத்து வீட்டு உஷாவுக்கு எஸ்டேட்டில் லீவு. மூன்றாவது ஆள் கூப்பிடாமலே வந்தார். மேல் வீட்டு நல்லசிவம், வெடிமருந்து ஃபேக்டரியில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மோட்டார்ப் பெட்டி சரிவில் இறங்குவதைக் கண்டதும் மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

“ஏனுங் அம்மிணி, என்ற கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணுமில்ல? டன் கணக்குல தூக்கின ஆளு நானு. இது ஒரு பூனைக்குட்டி.”

“பூனைக்குட்டியும் கிணத்துல விழுந்தா செத்துடும்ண்ணா. பாத்து இறக்கணும்” என்றாள் கோகிலவாணி.

வீரையா வேறு கவலையில் இருந்தார். “புள்ள, மோட்டாருக்கு ஆபீஸ்ல சொன்னியா?”

“மலையில போர் போடத்தான் மாமா கவர்மெண்ட்ல கேக்கணும். இது நாம வெட்டின கிணறு.”

“எதிர் மலையில ராவோட ராவா போர் வண்டி வந்துச்சு. விடிஞ்சா ஆபீஸ்காரங்க வந்து குழாய்க்கு மூடி போட்டு சீல் வெச்சுட்டுப் போனாங்க. அவங்க இது கிணறா, போரான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டா இருப்பாங்க? ஒயரும் பொட்டியும் கண்டாப் போதும். நான் ரோட்டு வளைவைப் பாத்துக்கிறேன். ஜீப்பு தெரிஞ்சா சாக்கைப் போட்டு மூடிடலாம்.”

“கண்ணு ரோட்டுல இருக்கட்டும், பெரியப்பா. கை கயித்துல இருக்கட்டும்” என்றாள் உஷா.

நல்லசிவம் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். மோட்டாரின் வளையத்தில் நைலான் கயிறு. கயிறு கிணற்றுக் கப்பி மேல் போய் வீரையா கைக்கு. அவருக்குப் பின்னால் உஷா. வால் முனையைச் சில்வர் ஓக் மரத்தில் கட்டியே ஆக வேண்டும் என்று நல்லசிவமே அடம்பிடித்துக் கட்டினார். தண்ணீர்க் குழாயையும் கேபிளையும் சேர்த்துப் பிடித்து, சிக்காமல் உள்ளே விடுவது கோகிலவாணி. நல்லசிவம் கிணற்றுச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து கட்டளையிடுவார். சர்வீஸ் முழுக்க, கீழே நிற்பவன் கத்தியதற்கெல்லாம் மேலே உட்கார்ந்து லீவரைத் தள்ளியவர் அவர். கத்தும் இடம் இன்றைக்குத்தான் அவருக்கு வாய்த்திருந்தது.

“ஆரியா!” என்றார்.

கயிறு நகர்ந்தது.

“ஆரியா… ஆரியா… மெல்ல ஆரியா!”

“இதென்ன பாட்டு?” என்று உஷா கேட்டாள்.

“கயிறு இழுக்கிறப்போ ஏலேலோ போடுற மாதிரி இருக்கும். நீயும் போடு” என்றார் வீரையா.

“ஆரியா!” என்று உஷா ராகம் போட்டாள். நல்லசிவத்துக்கு உச்சி குளிர்ந்தது. ஊரே தன் பாஷையைப் புரிந்துகொண்டுவிட்டதாக அவர் நினைத்தார். மோட்டார் ஆடி அசைந்து, பாசி பிடித்த கற்களைத் தாண்டி, இருட்டுக்குள் இறங்கியது. கோகிலவாணியின் கைவழியே குழாய் வழுக்கிக்கொண்டு போனது. பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. இவ்வளவுதானா வேலை என்று அவள் நினைத்தாள்.

அப்போது மோட்டாரின் கால், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு துருத்துக்கல்லில் உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில், கேபிள் கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. இன்னும் ஒரு சாண் இறக்கினால் அறுந்துவிடும். அதை நல்லசிவம் ஒருவர்தான் பார்த்தார். அவர் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்தார், அடித்தொண்டையிலிருந்து கத்தினார்.

“ஆபீஸ்! ஆபீஸ்! ஆபீஸ்!”

வீரையா கயிற்றை விட்டார்.

அவர் பொறுப்பில்லாதவர் அல்ல. மீசை அரும்பாத வயதில், கடலுக்கு அந்தப் பக்கத் தீவில், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலி லயத்து வாசலில் வந்து ஒருவன் “ஆபீஸ்!” என்று அவருடைய அப்பாவைக் கூப்பிட்டான். போன அப்பா, நாட்டை விட்டுப் போகச் சொல்லும் ஒரு காகிதத்தோடு திரும்பினார். அடுத்த மழைக்குள் குடும்பமே கப்பலேறி, பார்த்திராத ஒரு தேசத்தில் வந்து இறங்கியது. அந்தச் சொல் சத்தமாகக் காதில் விழுந்தால் வீரையாவின் கை எதையும் பிடித்துக்கொண்டிருக்காது. இரண்டே எட்டில், மோட்டார் கரண்டுக்கென்று கிணற்றோரம் அடித்திருந்த தகரக் கூட்டுக்குப் பாய்ந்து, ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் சாக்கைப் போர்த்தினார்.

மோட்டார் கல்லிலிருந்து சறுக்கியது. கயிறு உஷாவின் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு பறந்தது. கப்பி கிறீச்சிட்டது. குழாய் பாம்பாகத் துள்ளி உள்ளே ஓடியது. கோகிலவாணி அதன் மேல் விழுந்து வயிற்றால் அமுக்கினாள். கீழே ‘தொபீர்’ என்ற சத்தம் கேட்டது. அடுத்து, கல்லில் இரும்பு மோதும் இன்னொரு சத்தம்.



“எங்க ஜீப்பு?” என்றார் வீரையா, சாக்கின் மேல் உட்கார்ந்தபடி.

“எந்த ஜீப்புங்?” என்றார் நல்லசிவம்.

“நீங்கதானே ஆபீஸ் ஆபீஸ்னு கத்துனீங்க!”

“ஆபீஸ்னா தூக்குன்னு அர்த்தமுங்! ஆரியான்னா இறக்கு, ஆபீஸ்னா தூக்கு. கிரேன் பாஷையுங் அது!”

“எந்த ஊர்ல ஐயா ஆபீஸ்னா தூக்கு?”

“எங்க ஃபேக்டரில எல்லாருக்கும் தெரியுமுங்!”

“அப்ப உங்க ஃபேக்டரியையே கூட்டியாந்து கயித்தைப் பிடிக்கச் சொல்ல வேண்டியதுதானே!”

“ஏனுங், கயித்தை உட்டுப்போட்டு ஓடினது நீங்க. நாயம் பேசறதும் நீங்களா?”

உஷா உள்ளங்கையை ஊதிக்கொண்டே சொன்னாள்: “ரெண்டு பேரும் உள்ள குதிச்சு, மோட்டார்கிட்டயே நாயம் கேளுங்க.”

கோகிலவாணி எழுந்து, கயிற்றைப் பற்றி இழுத்தாள். வரவில்லை. மற்றவர்களும் சேர்ந்து இழுத்தார்கள். கயிறு விறைத்தது, முனகியது, ஓர் அங்குலம்கூட மேலே ஏறவில்லை. அடியில் ஏதோ கல்லுக்குக் கீழே மாட்டியிருக்கிறது.

அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். கொட்டகையின் சாக்குகள் வெளுத்துக் கிடந்தன. காற்று அவற்றை லேசாகத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் உள்ளே இருக்கும் ஈரம் கொஞ்சம் வெளியே போகிறது.

“உஷா, ஒரு நடை மேல போய் சாக்குல தண்ணி தெளிச்சிட்டு, அப்படியே எங்க வீட்டுக்காரரோட பழைய பேண்டை எடுத்துட்டு வா. கொடியில கிடக்கு.”

“எதுக்கு?”

“இறங்கப் போறேன்.”

வீரையா சாக்கிலிருந்து எழுந்தார். “புள்ள, வேண்டாம். பொம்பளப் புள்ள கிணத்துல இறங்குறதா? ரவி கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

“இந்தக் கிணத்துல தெனமும் தண்ணி இறைக்கிறது பொம்பளப் புள்ளதானே மாமா? உங்க முட்டிக்கு இந்தப் படிக்கல்லு ஆகாது. நல்லசிவம் அண்ணன் தொப்பைக்குக் கிணறு பத்தாது. உஷா கை வெந்துபோச்சு. வேற ஆளு இருந்தா சொல்லுங்க.”

வேறு ஆள் இல்லை.

நல்லசிவம் மெழுகுவர்த்தி ஒன்றை வாளியில் நிறுத்தி இறக்கிப் பார்த்தார். அது நின்று எரிந்தது. தினமும் புழங்கும் கிணறு, காற்றுக்குக் குறைவில்லை. கோகிலவாணி ஸ்வெட்டரைக் கழற்றினாள். பேண்டை மாட்டி, தண்ணீர் இறைக்கும் கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை மரத்தில் சுற்றச் சொன்னாள். பிறகு தகரக் கூட்டுக்குப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, பேண்ட் பையில் போட்டுக்கொண்டாள்.

“அது எதுக்குங் அம்மிணி? நாங்க தொட மாட்டோமே” என்றார் நல்லசிவம்.

“தொட மாட்டீங்க. ஆனா யாராவது எதையாவது கத்துவீங்க, இன்னொருத்தர் எதையாவது அமுக்குவீங்க. கரண்டு என் பையிலயே இருக்கட்டும்.” கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்தாள். “ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. ஆரியாவும் வேண்டாம், ஆபீசும் வேண்டாம். நான் மேல வர்ற வரைக்கும் யாரும் வாயையே திறக்கக் கூடாது. மோட்டார்க் கயித்தை நான் ஒரு தரம் வெட்டி இழுத்தா தூக்குங்க. ரெண்டு தரம் இழுத்தா நிறுத்துங்க.”

“அப்ப நான் என்ன பண்றதுங்?”

“கயித்தைப் பிடிங்கண்ணா.”

நல்லசிவம் குல்லாவைச் சரிசெய்துகொண்டு, வீரையாவுக்கு முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

படிக்கற்கள் பாதம் வைக்கும் அளவுக்குத்தான் துருத்திக்கொண்டிருந்தன. பாதிக்குக் கீழே பாசி. ஒவ்வொரு கல்லையும் கால் விரலால் தடவி, பிடிமானம் பார்த்து, எடையை மாற்றி இறங்கினாள். மேலே வானம் தட்டளவாகச் சுருங்கியது. தண்ணீரில் கால் பட்டதும் உடம்பு தூக்கிப்போட்டது. குளிர் இல்லை, கடி. முழங்கால், இடுப்பு, மார்பு. பாதத்துக்குச் சேறு கிடைத்தபோது தண்ணீர் அவள் கழுத்தில் நின்றது. மூச்சு உள்ளே போனது. வெளியே வர மறுத்தது.

‘இப்ப நடுங்கினா, நடுங்கிக்கிட்டேதான் நிக்கணும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காலால் துழாவினாள். குழாய் தட்டுப்பட்டது. அதன் வழியே போனால் மோட்டார். ஒருக்களித்துக் கிடக்கிறது. அதன் ஒரு கால், சுவரின் அடியில் பிதுங்கிய பாறைக்குக் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது. மேலே இழுக்க இழுக்க, இன்னும் இறுகத்தான் செய்யும்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு மூழ்கினாள்.

உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கிளம்பிய சேறு கண்ணில் அப்பியது. கை பாறையைத் தொட்டது, இரும்பைத் தொட்டது, ஆனால் அசைக்கும் முன் மூச்சு தீர்ந்தது. வெளியே வந்து இருமினாள். மேலே மூன்று தலைகள். மூன்று வாய்களும் திறந்திருந்தன. சத்தம் மட்டும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்கள்.

இரண்டாம் முறை மூழ்கியதும் முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்து, இரண்டு பாதங்களையும் மோட்டாரின் விலாவில் வைத்து, மேலே தூக்காமல் பக்கவாட்டில் உந்தினாள். நகரவில்லை. மறுபடி உந்தினாள். திருப்பூர் ரூமின் ஜன்னல் ஒரு கணம் வந்து போனது. பல்லைக் கடித்து மூன்றாவது உந்து. சேற்றில் சறுக்கிக்கொண்டு அது வெளியே வந்த அசைவு அவள் எலும்பு வரை தெரிந்தது.

கயிற்றை ஒரு தரம் வெட்டி இழுத்தாள்.

பிறகு கயிறு விறைத்து, மோட்டார் அவள் தோளை உரசிக்கொண்டு தண்ணீரை விட்டு எழுந்தது. துருத்துக்கல் வந்ததும் அவள் ஏறி நின்று இரண்டு தரம் இழுத்தாள். கயிறு அதே இடத்தில் நின்றது. மோட்டாரைக் கையால் தள்ளிக் கல்லைத் தாண்டவைத்து, மறுபடி ஒரு தரம். அப்படியே சுவரோடு சுவராக, அதுவும் அவளுமாக மேலே வந்து சேர்ந்தார்கள்.

வெயிலில் வைத்துப் பார்த்தபோது கேபிளின் மேல்தோல் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உஷா நெஞ்சில் கை வைத்தாள். நல்லசிவம் கேபிளை வளைத்து, கண்ணருகே கொண்டுபோய், நகத்தால் விலக்கிப் பார்த்தார்.

“செம்பு தெரியலீங். உள்தோலு முழுசா இருக்குது. மேல் சட்டைதான் கிழிஞ்சிருக்குது.” துடைத்துக் காயவைத்து, ரப்பர் டேப்பை இழுத்து இழுத்து, ஒன்றன் மேல் ஒன்று ஏற்றிச் சுற்றினார். வீரையா தன் போர்வையைக் கொண்டுவந்து மருமகளின் மேல் போர்த்தி, பிளாஸ்கிலிருந்த பிளேன்டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.

இரண்டாம் முறை இறக்கும்போது கிணற்றடியில் கப்பியின் சத்தம் மட்டும்தான். துருத்துக்கல் அருகே கோகிலவாணி படிக்கல்லில் நின்றுகொண்டு மோட்டாரை விலக்கிவிட்டாள். அது தண்ணீருக்குள் போய், சேற்றைத் தொட்டதும் கயிறு தளர்ந்தது. முழங்கால் உயரம் மேலே தூக்கச் சொல்லி, அங்கேயே தொங்கும்படி மரத்தில் இறுக்கிக் கட்டினார்கள். சேற்றில் உட்கார்ந்தால் மோட்டார் சேற்றைத்தான் குடிக்கும்.

பையிலிருந்து ஃபியூஸ் கட்டையை எடுத்துத் துடைத்துச் செருகினாள். பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

கிணற்றுக்குள் ஒரு உறுமல். தேயிலைச் செடிகளின் நடுவே படுத்திருந்த குழாய் சிலிர்த்தது. வளைவுகளை நிமிர்த்திக்கொண்டு மேட்டில் ஏறியது. கொட்டகை வாசலில் முனையைப் பிடித்துக்கொண்டிருந்த உஷா “வந்துடுச்சு!” என்று கூவினாள்.

வந்தது. டிக்காஷன் நிறத்தில்.

கோகிலவாணி ஏறி வருவதற்குள் வீரையா சாக்கை விலக்கி வழி விட்டிருந்தார். “பிடி புள்ள, உள்ள பிடி! வெயிலு இறங்கப் போவுது!”

“வேண்டாம் மாமா. சேத்துத் தண்ணி பட்டா மொட்டு அழுகிடும்.”

“காய்ஞ்சு சாவுறதுக்கு நனைஞ்சு சாவட்டுமே!”

“சாவறதுக்கா நான் கிணத்துல இறங்கினேன்? தேயிலைக்குத் திருப்பு, உஷா.”

குழாயைத் தேயிலைப் பக்கம் திருப்பினார்கள். அதுதான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கேட்ட தண்ணீர் கைக்கு வந்து, கண் முன்னால் மண்ணில் ஓடுகிறது. கோகிலவாணி ஈர முடியோடு, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, உள்ளங்கையில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். டிக்காஷன் டீ ஆனது. டீ மங்கலானது. மங்கல் மெல்ல மெல்ல விலகியது. கடைசியில் அவள் கைரேகை தண்ணீருக்குள்ளிருந்து தெரிந்தது.

“இப்ப.”

முதலில் சாக்குச் சுவர்கள். அவை குடித்துக் கருத்து, கனத்துத் தொங்கின. காற்று அவற்றைத் தூக்க முடியாமல் தோற்றது. பிறகு தரையின் மணல். அதன் பிறகு தெளிப்பானில் நிரப்பி, பூவாகக் காற்றில் விட்டாள். கொட்டகைக்குள் மூடுபனி இறங்கியதுபோல் ஆயிற்று. அதற்குள் நுழைந்து, வரிசை வரிசையாக, பை பையாகப் பார்த்தாள்.

மேல் வரிசை போய்விட்டது. தகரக் கூரையின் சூட்டுக்கு நேர் கீழே இருந்த மொட்டுகள் பழுத்து, தொட்டால் காகிதம்போல் சலசலத்தன. நடு வரிசையில் சில போயிருந்தன. கீழ் வரிசைகளில் மொட்டுகள் குளிர்ந்து, விறைப்பாக, விரல் பட்டதும் திருப்பித் தள்ளின.

அவள் கத்தியை எடுத்து, கருகியவற்றை அடியோடு சுரண்டி வாளியில் போட ஆரம்பித்தாள். விட்டுவைத்தால் அழுகி, நல்லதையும் கெடுக்கும். பாதி வரிசையில் இருக்கும்போது போன் அடித்தது. ரவிக்குமார்.

“அப்பா என்னென்னவோ சொல்றாரு. கிணத்துல இறங்கினியாமே? கோகிலா, உனக்குக் கிறுக்கா? அடிகிடி பட்டுச்சா?”

“இல்ல. மோட்டார் ஓடுது.”

“காளான்?”

“மேல் வரிசை பூராவும் போச்சு. நடுவுல கொஞ்சம்.”

மறுமுனையில் தையல் மெஷின்களின் சத்தம். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “அப்ப… ரூம்காரரு இன்னிக்குப் பதில் கேக்கறாரு. என்ன சொல்லட்டும்?”

“வேற ஆளுக்குக் கொடுத்துடச் சொல்லுங்க.”

“பாதி போச்சுங்கறியே!”

“போனதைக் கேட்டீங்க, சொன்னேன். மீதி நிக்குது. நாலஞ்சு நாள்ல பறிக்கிற பதம் வந்துடும், எங்க ரெண்டு பேரு கையும் பத்தாது. லீவு சொல்லிட்டு நீங்க இங்க வாங்க.”

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அடுத்த பையைத் தன் பக்கம் திருப்பி, கருகிய மொட்டின் அடியில் கத்தியை வைத்தாள்.